கிழங்கறையின் மூக்கு

போன வாரம் துபாயிலிருந்து காளிமுத்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். நான் வேலை பார்த்த காய்கறிக் கிடங்கின் பின்சுவரில் புதிதாக ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கையகலம்தான் இருக்கும். கிழங்கு அறைக்குள் காற்று கெட்டுப்போனால் அதில் சிவப்பு விளக்கு எரியுமாம், எல்லோர் போனிலும் மணி அடிக்குமாம். "இனிமே பயமே இல்லண்ணே, மெசினு பாத்துக்கும்" என்று சொல்லியிருந்தான். எங்கள் கிடங்கு ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்குக் கைதட்டல். கூடவே புதிதாகச் சேர்ந்த நாலைந்து பேர், "அந்த அறையில என்னமோ நடந்துச்சாமே, அத நீங்களே எழுதுங்கண்ணே" என்று கேட்டிருந்தார்கள்.

கேட்டவர்களுக்கு யாரோ பாதிக் கதை சொல்லியிருக்கிறார்கள். அதில் நான் வீரன். மீதிக் கதையையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

நான் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். துபாயில் அவீர் மார்க்கெட்டுக்கு அருகில் ஒரு காய்கறிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இருந்தேன். மூட்டை தூக்கப் போனவன், ஸ்டோர் கீப்பராகத் திரும்பினேன். முதல் ஐந்தாறு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு ரூமுக்கு எட்டுப் பேர், விடியற்காலையில் பஸ், எந்தக் காய்க்கு எந்த அறை என்று மனப்பாடம். வெங்காயத்துக்கு ஈரமில்லாத குளிர் வேண்டும். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் உறையாத அளவுக்குக் குளிரும், முகத்தில் ஒட்டுகிற ஈரமும் வேண்டும். சர்க்கரைவள்ளியை அந்தக் குளிரில் வைத்தால் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளுக்குள் கெட்டுப்போகும். ஒருமுறை இடமில்லை என்று ஆப்பிள் இருந்த அறையில் கேரட்டை அடுக்கிவிட்டார்கள். பத்து நாள் கழித்துக் கடித்தால் வேப்பங்கொழுந்துபோலக் கசந்தது. ஆப்பிள் கேரட்டைத் தொடக்கூட இல்லை, பக்கத்தில் இருந்தே கெடுத்திருக்கிறது. மனுஷர்களில்தான் அப்படி உண்டு என்று அதுவரை நினைத்திருந்தேன்.

உருளைக்கிழங்கு விஷயத்தில் எங்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் ரஃபீக் பாய். பாகிஸ்தானில் ஓகாரா பக்கம், அங்கே கண்ணுக்கெட்டின தூரம்வரை கிழங்கு வயல்தானாம். என்னைவிட மூன்று வயது இளையவர், கிடங்குக்கு இன்சார்ஜ். ஆறடி ஆள், ஆனால் குரல் பக்கத்தில் நிற்பவனைத் தாண்டிப் போகாது. தப்புச் செய்தவனிடம் வருவார், அவன் கையில் இருப்பதை வாங்குவார், தானே ஒருமுறை சரியாகச் செய்து காட்டிவிட்டுப் போய்விடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இருக்கும். கிழங்கைக் கொட்டுகிற இடத்தில் மட்டும் "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா", மெதுவாக மெதுவாக என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே நிற்பார். ஒரு சாண் உயரத்துக்கு மேலிருந்து கிழங்கு விழுந்தால் அவர் முகம் சுருங்கும். அடி அவருக்கே பட்டதுபோல் இருக்கும்.

வளைகுடாவில் கிழங்குக்காரனுக்குக் குளிர்காலம்தான் முக்கியம். நவம்பர் கடைசியில் சவூதியிலிருந்து டிரெய்லர் டிரெய்லராகக் கிழங்கு வரும். அதை வாங்கி நோன்பு மாதம்வரை வைத்திருக்க வேண்டும். நோன்பு வந்துவிட்டால் சமோசாவுக்கும் கட்லெட்டுக்கும் ஊரே கிழங்கு கேட்கும். ஆனால் வந்த கிழங்கை நேரே குளிரில் தள்ளக்கூடாது. முதலில் பதினைந்து டிகிரியில், ஈரக்காற்றில், இருட்டில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். அதற்கென்று தனி அறை உண்டு. நாங்கள் அதற்கு ஆஸ்பத்திரி என்று பேர் வைத்திருந்தோம்.

பேர் வைத்தது கேலிக்குத்தான். ஆனால் ஒரு நாள் ரஃபீக் பாய், வயலில் தோண்டும்போதே வெட்டுப்பட்டிருந்த ஒரு கிழங்கை எடுத்து, பேனாவால் அதில் புள்ளி வைத்து, கதவோரப் பெட்டியில் மேலாக வைத்தார். பன்னிரண்டாம் நாள் அதையே எடுத்து என் கையில் கொடுத்தார். வெட்டுக்காயத்தின் மேல் புதிதாக ஒரு தோல் மூடியிருந்தது. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. மருந்து இல்லை, கட்டு இல்லை. மண்ணையும் செடியையும் விட்டுவிட்டுப் பாலைவனம் தாண்டி வந்த கிழங்கு, இருட்டில் உட்கார்ந்து தன் காயத்தைத் தானே மூடிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் கிழங்குப் பொரியலைப் பார்த்தபோது கொஞ்சம் மரியாதையாகவே சாப்பிட்டேன். ரூமில் சிரித்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரி அறையின் பின்சுவரில், வெளிப்பக்கம் நின்றால் நெஞ்சு உயரத்தில், இரண்டு சதுர ஓட்டைகள் உண்டு. ஒன்றில் வெளிக்காற்று உள்ளே போகும், இன்னொன்றில் உள்காற்று வெளியே வரும். ரஃபீக் பாய் அதை 'நாக்' என்பார், மூக்கு. காலையில் அறையைத் திறப்பதற்கு முன்னால் சுவரைச் சுற்றிப் போய், காற்று வெளியே வருகிற ஓட்டையில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். "ஸான்ஸ் லே ரஹா ஹை" என்று எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சாவியை எடுப்பார். மூச்சு விடுகிறதாம். உருது பேசுகிறவர்கள் எதையும் கொஞ்சம் அழகு சேர்த்துத்தான் சொல்வார்கள், இதுவும் அந்த ரகம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மூக்கை மட்டும் எப்போதும் மூடாதே என்றும் சொல்லியிருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் சொல்லப்போகிற வருடம், அவர் மகள் கல்யாணத்துக்காக நவம்பர் கடைசியில் ஊருக்குப் போனார். சாவிக்கொத்தை என் கையில் கொடுத்தார். ஆஸ்பத்திரி அறையில் நூறு டன் புதுக்கிழங்கு, மரப்பெட்டிகளில் ஆறு அடுக்காக நின்றது. அவர் போன மறுநாள் வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. அந்த ஊர்க் குளிர்காலக் காற்றுக்கு ஒரு குணம் உண்டு, குளிரும் மண்ணும் சேர்ந்தே வரும். கதவோரப் பெட்டிகளின்மேல் பொடிமண் படிந்தது. பதினைந்தில் இருக்க வேண்டிய அறை பன்னிரண்டுக்கு இறங்கியது.

வளைகுடாவில் நம் ஆட்களுக்கு முதல் வேதம் ஒன்றே ஒன்றுதான்: ஏசி காற்று வெளியே போகக்கூடாது, வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. கேம்ப் ரூமில் கதவுக்கடியில் லுங்கியைச் சுருட்டி வைப்போம். ஜன்னல் இடுக்கில் டேப் ஒட்டுவோம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிறவனுக்கு ரூம் முழுவதும் சேர்ந்து அர்ச்சனை நடக்கும். இருபது வருடம் அப்படியே பழகிய கை என்னுடைய கை. அந்தக் கை பேலட்டில் அடுக்கிய சரக்கைச் சுற்றுகிற பிளாஸ்டிக் உருளையை எடுத்தது. பின்சுவருக்குப் போய், இரண்டு ஓட்டைகளையும் நாலு சுற்றுப் பிளாஸ்டிக்கால் மூடி, ஓரத்தில் டேப்பும் ஒட்டியது. ரஃபீக் பாய் சொன்னது நினைவில்லாமல் இல்லை. ரெண்டு நாளைக்குத்தானே என்று இருந்தது. சாயங்காலம் வெளியே இருக்கிற மீட்டரில் பார்த்தேன், பதினைந்தில் அசையாமல் நின்றது. எவ்வளவு பெரிய வேலை செய்துவிட்டோம் என்று பெருமையாக டீ குடித்தேன்.

தேசிய தின லீவு வந்தது, அதோடு ஞாயிறும் ஒட்டிக்கொண்டது. மற்ற அறைகளில் வேலை நடந்தது. ஆஸ்பத்திரியைக் கிளற வேண்டாம் என்று நான்கு நாள் திறக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு, செல்வராசுவிடம் சாவியைக் கொடுத்தேன். செல்வராசு ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன், அரியலூர்ப் பக்கம், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள். அவன் மனைவி அஞ்சலையின் அண்ணன்தான் காளிமுத்து. மச்சான்கள் ஒரே ரூம், ஒரே ஷிப்ட். "உள்ள மூணாவது வரிசையில தெர்மாமீட்டர் தொங்கும், பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன். பக்கவாட்டில் இருக்கிற சின்னக் கதவைத் திறந்துகொண்டு அவன் உள்ளே போனான். அது விட்டால் தானே சாத்திக்கொள்கிற கதவு.

நான் லோடு சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். காளிமுத்துவின் சத்தம் கேட்டது. சின்னக் கதவில் இருக்கிற கண்ணாடி வழியாக அவன் பார்த்திருக்கிறான். "அண்ணே! மச்சான் உளுந்து கெடக்குதுண்ணே!"

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். பத்தடி தள்ளி, பெட்டிகளுக்கு நடுவில் செல்வராசு குப்புறக் கிடந்தான். தெர்மாமீட்டர் கையில் இருந்தது. மூச்சை இழுத்தேன். சோடா குடித்து ஏப்பம் விட்டால் வருமே, அப்படி மூக்கில் சுள்ளென்று ஏறியது. நெஞ்சை யாரோ அழுத்தினார்கள்.

எனக்கு அந்த நொடியில் கிணறுதான் கண்ணில் வந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழம். மூடிக்கிடந்த கிணற்றில் தூர் வாருவதற்கு முன்னால் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவார்கள், அணைந்தால் யாரும் இறங்கக்கூடாது. எனக்குப் பன்னிரண்டு வயதில், விளக்கு இறக்காமல் ஒருவர் இறங்கினார். விழுந்தவரைத் தூக்கத் தம்பி இறங்கினார். இரண்டு பேரையும் தூக்கப் பங்காளி ஒருவர் இறங்கினார். மூன்று பேரையும் சாயங்காலம் மேட்டில் வரிசையாகக் கிடத்தியதைப் பார்த்திருக்கிறேன்.

காளிமுத்து என்னை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான். இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். "உடுங்கண்ணே! எந்தங்கச்சி புருசன்ணே!" என்று கத்தினான். நான் விடவில்லை. என் மணிக்கட்டைக் கடித்தான். பல் இறங்கியது எனக்குத் தெரிந்தது, வலி தெரியவில்லை. "டேய், இது கெணத்துக் காத்துடா! நீயும் உளுந்தா இழுக்க ஆளு இல்லடா!" என்று அவன் காதில் கத்தினேன். கிணறு என்ற சொல் அவனுக்குப் புரிந்தது. அவனும் அந்தப் பக்கத்துக்காரன்தான். கடியை விட்டான்.

மற்றவர்களிடம் பெரிய கதவைத் திறக்கச் சொன்னேன், லோடிங் இடத்தில் இருந்த பெரிய விசிறியை உள்ளே பார்க்கத் திருப்பச் சொன்னேன். "பின்னாடி மூக்கு... பிளாஸ்டிக்க கிழிங்கடா!" என்று கத்தும்போதுதான் எனக்கே உறைத்தது. அதை மூடியது யார்? ஆனால் அப்போது அழுவதற்கு நேரம் இல்லை.

லாரியில் சரக்குக் கட்டுகிற நாடாவை என் இடுப்பில் கட்டி, அதன் நுனியைக் காளிமுத்து கையில் கொடுத்தேன். இன்னொரு நாடாவைச் சுருக்குப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டேன். "நான் சாஞ்சா இழு. உள்ள மட்டும் வராத." வெளியே நின்று நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, வாயை இறுக மூடிக்கொண்டு ஓடினேன். பத்தடிதான். செல்வராசுவைப் புரட்டினேன், உதடு நீலம். சுருக்கை அவன் அக்குளுக்கடியில் மாட்டுவதற்குள் என் நெஞ்சு மூச்சுக்குத் தவித்து உள்ளேயே உதைத்தது. திரும்பி ஓடினேன். வாசலில் விழுந்து மூச்சு வாங்கினேன். காளிமுத்துவும் இன்னும் இரண்டு பேரும் நாடாவை இழுத்தார்கள். செல்வராசு தரையில் தேய்ந்துகொண்டே வெளியே வந்தான். பிறகு கேமராவில் பார்த்தார்கள், எல்லாம் சேர்ந்து மூன்று நிமிடம்கூட இல்லை.

வெளிக்காற்றில் போட்டதும் கரையில் போட்ட மீன்போல ஒரு முறை வாயைத் திறந்தான். பிறகு இன்னொரு முறை. காளிமுத்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மூச்சு உடு மச்சான், நல்லா உடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் வந்தது. சாயங்காலம் கண் விழித்துவிட்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து, நிஜ ஆஸ்பத்திரியிலிருந்து, தகவல் வந்தது. நான் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு அழுதேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் காளிமுத்து போனை நீட்டினான். வீடியோவில் அஞ்சலை. ஊரில் எங்கோ வேலியோரம் நின்று பேசியது. இரண்டு கையையும் கூப்பி, "அண்ணே, எந்தாலிய மீட்டுக் குடுத்த சாமிண்ணே நீங்க" என்றது. காளிமுத்து பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேனேஜரோ அதற்குள், அறைக்குக் காற்று இழுக்கிற விசிறி பழுது என்று ரிப்போர்ட் எழுதத் தயாராகிவிட்டார். பேசாமல் இருந்திருந்தால் நான் சாமியாகவே இருந்திருக்கலாம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆகவேண்டும்.

"அம்மா, அந்தக் காத்து ஓட்டைய மூடுனதே நாந்தாம்மா. உள்ள போகச் சொன்னதும் நாந்தான்."

காளிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தான். அஞ்சலை கூப்பிய கையைக் கீழே இறக்கியது. பின்னால் எங்கோ ஆடு கத்தியது.

"தெரிஞ்சு மூடுனீங்களா, தெரியாம மூடுனீங்களா?"

"தெரியாமத்தாம்மா."

"அப்ப இனிமேலுக்குத் தெரிஞ்சுக்கிட்டு வேல பாருங்க." போனை வைத்துவிட்டது. காளிமுத்து போனை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் பக்கம் தள்ளி வைப்பான்.

ரஃபீக் பாய் மகள் கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்பி வந்துவிட்டார். நேரே பின்சுவருக்குப் போனார். ஓட்டையின் சட்டத்தில் டேப் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் உரித்து எடுத்து என்னைப் பார்த்தார். நான்தான் பாய் என்றேன். கேம்ப் வழக்கத்தையும், குளிரையும், மண்ணையும் சொன்னேன். அவர் மூச்சு விடுகிறது என்று சொன்னதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பதையும் சொன்னேன்.

"ஷாயரி சமஜ் லியா தா க்யா?" என்றார் மெதுவாக. கவிதை சொல்கிறேன் என்று நினைத்தாயா.

என்னை உள்ளே கூட்டிப்போனார். நடுப்பெட்டிகளிலிருந்து பத்துக் கிழங்கு எடுத்து, கத்தியால் ஒவ்வொன்றாகப் பிளந்தார். எட்டு வெள்ளையாக இருந்தது. இரண்டில் தோல் பளபளப்பாக, சதை வெள்ளையாக, நட்டநடுவில் மட்டும் நெஞ்சு கறுத்திருந்தது. மூச்சு முட்டினால் இப்படி ஆகும் என்றார். செல்வராசு ஒருவன்தான் அந்த அறையில் திணறினான் என்று நினைத்திருந்தேன். நூறு டன்னும் திணறியிருக்கிறது. ஒவ்வொன்றும் நம்மைப்போலவே நல்ல காற்றை இழுத்துக் கெட்ட காற்றை விட்டுக்கொண்டு, தோலைத் தைத்துக்கொண்டு, உயிரோடு உட்கார்ந்திருக்கிறது. இருபது வருடமாக நான் அடுக்கியதும் இறக்கியதும் எண்ணியதும் உயிருள்ள ஒன்று என்பது, அந்தக் கறுத்த நெஞ்சைக் கையில் வைத்திருந்தபோதுதான் எனக்கு உண்மையில் தெரிந்தது. அப்போது வந்தது பயமா, பக்தியா என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

ரஃபீக் பாய் மேனேஜரிடம் போய், "விதியை நான் சொன்னேன், காரணத்தைச் சொல்லவில்லை, அதனால் தப்பில் பாதி என்னுடையது" என்றார். விசிறிப் பழுது என்று எழுத விடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதன்பிறகு அந்த அறைக்கு இரண்டு பேர் சேர்ந்துதான் போகவேண்டும், ஒருவர் வாசலில் நிற்கவேண்டும் என்று ஆனது. மூக்குக்கு யாரும் மூட முடியாதபடி கம்பிக் கூண்டு போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்துச் செல்வராசு டூட்டிக்கு வந்தான். அதற்குள் அந்தக் கிழங்கைக் குளிர் அறைக்கு மாற்றி, ஆஸ்பத்திரியில் புதிய லோடு அடுக்கியிருந்தோம். அன்றைக்கும் காலை ஏழு மணி. அவன் சின்னக் கதவுக்கு முன்னால் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. நான் சாவியைக் கொடுக்கவில்லை.

"நீ போக வேணாம்டா. நான் போறேன்" என்றேன்.

"அஞ்சல எல்லாஞ் சொல்லுச்சுண்ணே" என்றான். அதற்கு மேல் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தான். நானும் போனேன். காது மடல் வலிக்கிற குளிர். அவன் கூண்டுக் கம்பிக்கிடையில் கையை விட்டு, காற்று வெளியே வருகிற ஓட்டையில் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு என் மணிக்கட்டை, காளிமுத்து கடித்த இடத்தில் போட்ட கட்டை இன்னும் அவிழ்க்காத கையை, பிடித்து இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தான்.

வெதுவெதுப்பான ஈரக்காற்று, மண் வாசனையோடு, விரல்களுக்கிடையில் வந்துகொண்டிருந்தது.

"உடுதுண்ணே" என்றான். "வாங்க, இப்பப் போவலாம்."

இதை எழுதி முடித்துவிட்டு, காளிமுத்து அனுப்பிய வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. காளிமுத்து அதன் பெருமையை விடாமல் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பின்னால் சாவிக்கொத்தோடு செல்வராசு வருகிறான். பெட்டியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூண்டுக்குள் கையை விட்டு, உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறான்.